இருவர் வைத்த களா நோன்பு

வெளியூர் பேருந்து ஓட்டியவருக்குப் பெருநாள் முடிந்த பிறகுதான் நோன்பு மாதம் என்று தெருவில் கேலி பேசுவார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். ரமலானில் பேருந்து எடுத்துப் போகும் நாளெல்லாம் நோன்பை விட்டுவிட்டு, விட்ட நாட்களுக்கு ஈடாகப் பிறகு ஆற அமரக் களாவாக வைத்துத் தீர்ப்பது அவர் வழக்கம்.

முதலில் அப்படி இல்லை. கல்யாணமான புதிதில் மகா வீம்பு. பயணிக்குச் சலுகை உண்டு என்று யாராவது சொன்னால், "அது நோஞ்சானுக்கு" என்பார். ஒரு வெயில் காலத்து ரமலானில், நோன்போடு ஓட்டிக்கொண்டிருந்தவருக்குப் பின்மதியம் கண்ணைக் கட்டியது. பேருந்து சாலையை விட்டு இறங்கி, ஓரத்துப் புதரில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்தும் கை நடுக்கம் நிற்கவில்லை.

அவர் மனைவி சத்தம் போடவில்லை. தண்ணீர்ச் செம்பை நீட்டிவிட்டு, "விட்டுக்குங்கன்னு சலுகை குடுத்தவனைவிட நீங்க பெரிய ஆளா? பின்னாடி ஒரு பஸ் சனம் உக்காந்திருக்கே, அவங்க என்ன பண்ணாங்க?" என்றாள். அன்றோடு வீம்பு போயிற்று.

இப்போது ஓய்வு பெற்று, பள்ளிவாசலில் எல்லோரோடும் நோன்பு திறக்கிற இந்த நாளில், அவருக்கு ஏக்கமெல்லாம் அந்தக் களா நோன்புகள் மேல்தான். சிரிப்பாக இருக்கும், ஆனால் உண்மை. ரமலானில் பசி ஊருக்கே பொது. களாப் பசியோ அவர்கள் இருவருக்கு மட்டும். அவளுக்கும் மாதவிலக்கால் விட்டுப்போன நாட்கள் இருக்குமல்லவா, இருவரும் சேர்ந்தே வைப்பார்கள். பிள்ளைகள் விழித்துவிடாமல் இருட்டில் தட்டுத் தடுமாறி அடுப்பைப் பற்றவைப்பாள். கரண்டி தட்டில் பட்டால் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்ப்பார்கள். அந்தியில் பின்கதவுப் படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே செம்பிலிருந்து தண்ணீர் குடித்து நோன்பு திறப்பார்கள். ஓட்டுநரின் சம்சாரத்துக்குக் கணவன் முழுசாகக் கிடைத்த நேரம் அதுதான்.

அவளுக்குச் சர்க்கரை நோய் வந்தபின் நோன்பே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பதிலுக்கு ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்தும் அவளுக்கு மனம் ஆறவில்லை. ரமலான் பகலில் திருடியைப்போல அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவாள்.

போன ரமலானில் மகளுக்குப் பிரசவ நேரம் நெருங்க, இருவரும் மாலை ரயிலில் கிளம்பினார்கள். இப்போது பேருந்தே ஓட்டாதவனுக்கு என்ன சலுகை என்று, பழைய வீம்பு கொஞ்சம் எட்டிப்பார்க்க, விடியுமுன் ரயிலிலேயே சஹர் உணவு உண்டு நோன்பு வைத்தார். விடிந்தது, வெயில் ஏறியது. எதிரே உட்கார்ந்திருந்த மனைவி காலையில் மாத்திரை போடுவதற்காக ஒரு பிஸ்கட்டைக் கடித்ததோடு சரி. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

"சாப்பிடு."

"பசிக்கலைங்க."

சாத்திக்கொள்ள அங்கே கதவு இல்லை. நோன்பாளியான கணவன் முகத்துக்கு நேரே எப்படி மெல்லுவாள்? மதியம் தாண்டியதும் அவள் நெற்றியில் வியர்வை அரும்பியது. விரல் நடுங்கியது. அந்த நடுக்கம் அவருக்குத் தெரிந்த நடுக்கம்.

பையை இழுத்து டப்பாவைத் திறந்தார். ஒரு ரொட்டியைப் பிய்த்து, அவள் பார்க்கத் தன் வாயில் போட்டு மென்றார். மீதியை அவள் கையில் வைத்தார்.

"என்னால உங்க நோன்பு போச்சே" என்று அவள் கண் கலங்கியது.

"போகல, தள்ளிப் போயிருக்கு. நான் இன்னைக்கு முசாபிர், பயணக்காரன். சலுகை குடுத்தவனைவிட நான் பெரிய ஆளா? சாப்பிடு புள்ள."

அவள் சாப்பிட்டாள். நடுக்கம் அடங்கும்வரை அவர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

பேரனைக் கொஞ்சிவிட்டு வீடு திரும்பிய பிறகு, அந்த ஒரு நோன்பை வைக்க நாள் குறித்தார். அவள் தூக்கம் கெடக்கூடாதென்று, விடியுமுன் செருப்பைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு தட்டு வைத்திருந்தாள்.

"உனக்குத்தான் நோன்பு இல்லையே, எதுக்கு எந்திரிச்சே?"

"இப்ப மட்டுமா இல்ல?"

அவருக்கு விளங்கவில்லை. சோற்றைப் பரிமாறிக்கொண்டே, நேற்றைய சமாசாரம் சொல்வதுபோல அவள் சொன்னாள்: "என் களாவையெல்லாம் நீங்க ரோட்டுல இருக்கும்போதே தீர்த்துருவேன். உங்ககூட வெச்சது எதுவும் கடன் இல்ல."

"பின்ன எதுக்குடி அத்தனை வருஷம் பட்டினி கிடந்தே?"

"தனியா சாப்பிட்டா உங்களுக்கு இறங்காதே."

அவருக்கு நெஞ்சு நிறைந்தும் இருந்தது, வலிக்கவும் செய்தது. பாங்கு சொல்ல இன்னும் நேரமிருந்தது. அவளுடைய தட்டைத் தன் பக்கம் இழுத்து, முதல் கவளத்தை அவரே பிசைந்து நீட்டினார்.

"மாத்திரை போட்டியா?"

"சாப்பிட்டதும் போடணும்" என்றாள்.