பூட்டுக்காரர் கடைக்கு வந்த கூட்டம்

என் மருமகள் என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் நான் முழிப்பேன். கடைக்காரர்களுக்கு வேலை செய்கிறாள், ஆனால் எந்தக் கடைக்கும் போவதில்லை. படுக்கையறையில் இஸ்திரி மேஜைமேல் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"யாராவது கூகுள்ல தேடினா நம்ம கடை முதல்ல வரணும், அத்தை. அதுதான் வேலை. எஸ்.இ.ஓ.ன்னு பேரு."

"கடை எப்படிம்மா வரும்? நாமதானே கடைக்குப் போகணும்?"

சிரிப்பாள். சிரிப்பு ஒரு பதிலா?

முன்பு மருந்துக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க நின்றே வேலை. வீடு திரும்பும்போது கால் இரண்டும் வீங்கி, செருப்பைக் கழற்ற நான்தான் உட்கார வேண்டும். அந்த வேலையை விட்டுவிட்டு ஆன்லைனில் இதைப் படித்தாள். முதலில் நம்பி வந்தவர் தெருக்கோடி பூட்டுக்காரர்தான்.

"மூணு மாசம் பார்ப்பேன். சரிப்படலேன்னா ஒரு பெரிய கும்பிடு" என்று சொல்லித்தான் சேர்ந்தார். அவரும் கும்பிடு போட்டுவிட்டால் பழையபடி பில் போடவே போய்விடுவேன் என்று இவளும் சொல்லிவிட்டாள். மருந்துக்கடைக்காரர் வேறு, என்னைப் பார்க்கும்போதெல்லாம் "உங்க மருமக திரும்ப வேலைக்கு எப்போ வருது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பூட்டுக்கடையிலேயே பழியாய்க் கிடந்து, கேள்வி கேட்டே அந்த மனிதரைப் பிய்த்து எடுத்தாள். சாவி உள்ளே உடைந்தால் எப்படி எடுப்பது, குளியலறை உள்பக்கம் பூட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றையும் படத்தோடு எழுதி, கடைப் பெயரில் இணையத்தில் போட்டாள். மூன்றாவது மாதம் ஒருநாள் அறையிலிருந்து ஓடி வந்தாள்.

"அத்தை, பத்தாயிரம் பேர் வந்திருக்காங்க!"

நான் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது.

அன்று சாயங்காலமே பூட்டுக்காரர் வந்துவிட்டார். "பத்தாயிரம் பேர் வந்தாங்கன்னு மெசேஜ் அனுப்பியிருக்கே. என் கடை வாசல்ல ஈ காக்கா இல்ல. எல்லாரையும் எங்கம்மா ஒளிச்சு வச்சிருக்கே?"

அவள் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். வந்தது கடைக்கு இல்லையாம், அவள் எழுதியதைப் படிக்கவாம்; அதிலும் பாதிப் பேர் கடலுக்கு அந்தப் பக்கமாம்.

"சாவிக்கொத்தை இடுப்புல சொருகிட்டு நான் கப்பல் ஏறணுமா? சரி, இந்த ஊர்க்காரங்க?"

ஊர்க்காரர்கள் சிலர் அதன் கீழே எழுதிப் போட்டிருந்ததை அவள் வாசித்தாள். நீங்கள் சொன்னபடி செய்தேன், கதவு திறந்துவிட்டது, நன்றி. அடுத்ததும் அப்படியே. வாசிக்க வாசிக்க அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"ஆக, என்னைக் கூப்பிட வேண்டியவன் எல்லாம் தானே திறந்துக்கிட்டான்! இனிமே பாதி எழுது. மீதிக்கு என்னைக் கூப்பிடட்டும்."

"உள்ளே குழந்தை மாட்டிக்கிட்ட ஒரு அம்மாவும் நன்றி எழுதியிருக்காங்கண்ணா. பாதியில விட்டிருந்தா?"

எனக்கோ யார் பக்கம் பேசுவதென்றே தெரியவில்லை. வந்தவர்களை வாழ்த்துவதா, ஏன் வந்தீர்கள் என்று திட்டுவதா? "பாதி சொல்றதுக்குப் பேசாம இருக்கலாம்" என்றேன். நான் சொன்னால் சொன்னதுதான். அவர் என்னை முறைத்தார்.

"கதவைத் திறந்துட்டானுங்க, பெரிய விஷயமா? இரும்புப் பெட்டியில கை வைக்கச் சொல்லு பார்ப்போம். ஒரு கம்பியை விட்டு நோண்டினா போதும், அப்புறம் நானே உடைச்சுத்தான் எடுக்கணும்."

அவள் நிமிர்ந்தாள். "அதை இன்னொரு தடவை சொல்லுங்கண்ணா."

குளியலறைக் கதவைப் பற்றி எழுதியதை அப்படியே விட்டாள். இரும்புப் பெட்டிக்கும் கார் கதவுக்கும் புதிதாக எழுதினாள்: கை வைக்காதீர்கள், முதலில் கூப்பிடுங்கள். உச்சியிலேயே போன் நம்பர், எந்த ஊர்க் கடை என்ற விவரம்.

கெடு முடிகிற சமயத்தில் போன் வர ஆரம்பித்தது. பெட்டியைத் தொடாமலே கூப்பிட்டார்கள். கடல் தாண்டியும் சிலர் சந்தேகம் கேட்டார்கள். "இவனுங்களுக்குப் பதில் சொல்லியே என் தொண்டை போச்சு" என்று அலுத்துக்கொண்டு வந்தார் பூட்டுக்காரர். நிறுத்திவிடலாமா என்று கேட்டாள் இவள். "நிறுத்துறதா? அடுத்து பீரோவைப் பத்தி எழுதும்மா" என்றார்.

மறுநாள் மருந்துக்கடைக்காரர் வழக்கம்போல, "எப்போ வருது?" என்றார்.

"இனி வராது. அவளுக்கு வேலை நிலைச்சிடுச்சு."

"அப்படி என்ன வேலை?"

"சில கதவை நீயே திறந்துக்கோன்னு சொல்லணும். சில பெட்டியைத் தொடாதேன்னு சொல்லணும். அவ்வளவுதான்" என்றேன்.

அவர் முழித்தார். நானும்தான்.