பன்னிரண்டின் காரணிகள்

என் மனைவியின் படிப்பைக் கெடுத்தவன் நான். தலைவலி வந்தது, பிள்ளை பிறந்தது, அதனால்தான் அவள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதவில்லை என்று இத்தனை காலமும் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அது பொய்.

அவள் சாத்தான்குளம் பக்கத்துக்காரி. அப்பாவுக்கு அரிசிக் கடை. எட்டாவதோடு பள்ளியை நிறுத்திவிட்டு அவளைக் கடையில் படி அளக்க உட்காரவைத்துவிட்டார்கள். நான் கணிதப் பட்டதாரி. தூத்துக்குடியில் துறைமுக அலுவலகத்தில் வேலை. கல்யாணமான புதிதில் ஒருநாள், "தனியா பரீட்சை எழுதலாமாமே, நான் பத்தாவது எழுதட்டுமா? கணக்கு மட்டும் நீங்க சொல்லித் தாங்க" என்றாள். மகிழ்ச்சியோடுதான் ஒப்புக்கொண்டேன்.

நன்றாகவே பிடித்துக்கொண்டாள். இயல் எண்கள் ஒன்றில் தொடங்கும், முழு எண்களில் பூச்சியமும் சேரும் என்றேன். "பூச்சியம் இரட்டைப்படையா?" என்று அவளே கேட்டு, அவளே பதிலும் சொன்னாள்: "ரெண்டு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு ஒண்ணுமில்ல. மிச்சமும் இல்ல. அப்ப இரட்டைப்படைதான்."

காரணிகளில்தான் தடங்கல் வந்தது. எந்த எண்ணைக் கொடுத்தாலும் ஒன்றை விட்டுவிட்டு எழுதுவாள். கடைப் பழக்கம் அது. அரிசி அளக்கும்போது முதல் படிக்கு 'ஒன்று' என்று சொல்ல மாட்டார்கள், 'லாபம்' என்பார்கள். பிறகுதான் ரெண்டு, மூணு. சிறு வயதிலிருந்தே அப்படி எண்ணிய வாய்.

நான் திருத்தியபோது அவள் கேட்டாள்: "எந்த எண்ணையும் ஒண்ணு மிச்சமில்லாம வகுக்கும்லா? எல்லாத்துக்கும் பொதுவா இருக்கறத எதுக்கு ஒவ்வொரு தடவையும் எழுதணும்?"

நல்ல கேள்வி. "புத்தகத்துல போட்டிருக்கு, எழுது" என்றேன். பட்டம் வாங்கியவனை எட்டாவது படித்தவள் மடக்கிவிட்டாளே என்ற எரிச்சல் எனக்குள் தங்கிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னோடு வேலை பார்த்த இருவர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவள் தேநீர் கொண்டுவந்தாள். நான் வேண்டுமென்றேதான் கேட்டேன்.

"பன்னெண்டுக்குக் காரணி என்னென்ன, சொல்லு பாப்போம்."

அவள் தயங்கினாள். பிறகு, "ரெண்டு, மூணு, நாலு, ஆறு, பன்னெண்டு" என்றாள்.

"ஒண்ணு எங்க போச்சு?"

"அய்யோ, விட்டுட்டேன்."

"விடல. அவங்க கடையில ஒண்ணே கிடையாது, லாபம்தான்" என்று நான் சொன்னதும் வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அப்ப லாபத்துல லாபத்தைக் கூட்டினா என்ன மதினி வரும்?" என்றார் ஒருவர். எல்லோரையும்விட நான்தான் அதிக நேரம் சிரித்தேன். அவளும் லேசாகச் சிரித்தபடி காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு புத்தகத்தைத் தொடவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

சென்ற ஆண்டு விடுமுறைக்கு மகனும் மருமகளும் வந்திருந்தார்கள். மருமகள் பள்ளி ஆசிரியை. சாப்பிடும்போது மகன், "அம்மாவுக்குக் கணக்குன்னாலே தலைவலி, அதான் பத்தாவதே எழுதல" என்று கேலி செய்தான். நான் பரப்பிய பொய், வீட்டு வேடிக்கையாகவே ஆகிவிட்டிருந்தது. பொறுக்க முடியாமல் அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு, லாபம், நாங்கள் சிரித்த சிரிப்பு, ஒன்றையும் விடவில்லை. "மன்னிச்சிரு" என்று அவளைப் பார்த்துச் சொன்னேன்.

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள். "அன்னைக்கும் நாலு பேரு முன்னால. இன்னைக்கும் நாலு பேரு முன்னாலயா? தனியாச் சொல்ல உங்களுக்கு வாயே வராதா?"

மகன் தலையைக் குனிந்துகொண்டான். மருமகள்தான் மெல்லச் சொன்னாள்: "அத்தை, இப்பவும் எழுதலாம். நான் சொல்லித் தாரேன்."

"எழுதுதேன். ஆனா இவங்க பக்கத்துல வரக் கூடாது."

மறுநாள் காலை அடுக்களையில் தனியாக நின்று மன்னிப்புக் கேட்டேன். "சரி" என்றாள். அவ்வளவுதான். புத்தகம் வாங்கிவரட்டுமா என்றேன். மருமகள் வாங்கித் தருவாள் என்றாள்.

இப்போது மாலையானால் அவர்கள் ஊரிலிருந்து மருமகள் கைபேசியில் பாடம் நடத்துகிறாள். அந்த நேரத்தில் நான் சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைச் சாலைப் பக்கம் போய்விடுவேன். ஒருநாள் மழை பிடித்துக்கொள்ளவே, குடை எடுக்கத் திரும்பி வந்தேன். உள்ளே அவள் குரல் கேட்டது. "அதெப்படி, இதை ஏன் அங்கன எழுதணும்? எனக்கு விளங்கச் சொல்லு" என்று மருமகளிடம் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். என்னோடு இப்படிப் பேசி எத்தனை காலமாகிறது என்று நினைத்தபடி கதவைத் தள்ளினேன். பேச்சு நின்றுவிட்டது. புத்தகத்தை மூடிவிட்டு, "என்ன வேணும்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல" என்று சொல்லி, நனைந்துகொண்டே திரும்பிப் போனேன்.