அறிவுச்செல்வி அழிக்காமல் விட்ட வரிகள்

அறிவுச்செல்வி அக்காவுடன் நான் முதன்முதலில் பேசியது இப்படித்தான். கணினி டேபிளில் பழைய வரிகளை ஏன் இவ்வளவு மெதுவாக அழிக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், என்னை யார் அனுப்பியது என்று கேட்டார். மேனேஜர் என்றேன். எதற்கு என்றார். உதவிக்கு என்றேன்.

"உதவிக்குங்களா, வேவு பாக்கவா?"

கேட்டுக்கொண்டே பக்கத்து நாற்காலியிலிருந்த டிபன் பையை எடுத்துக் கீழே வைத்தார்.

"செரி, உக்காருங்க அம்மணி. மவுஸை மட்டும் தொட்டுப்போடாதீங்க."

வேவுதான். திண்டுக்கல்லில் உள்ள ஒரு தனியார் பால் நிறுவனத்தின் கணினிப் பிரிவு அது. சுற்றுவட்டாரத்தில் நாற்பது சேகரிப்பு மையங்கள். இருவேளையும் ஒவ்வொருவர் ஊற்றும் பாலின் கொழுப்பளவும் அடர்த்தியும், ஊற்றிய நேரத்தோடு ஒரே டேபிளில் ஒவ்வொரு வரியாக வந்து விழும். பதினோரு வருடத்தில் ஐந்து கோடி வரிகள் சேர்ந்துவிட்டன. தொப்பம்பட்டியில் ஒருவர் பால் ஊற்றினால் ரசீது வர ஒரு நிமிடம் ஆனது. வரிசை ரோடு வரை நின்றது. மூன்று வருடத்துக்கு முந்தையதையெல்லாம் அக்காவிடம் அழிக்கச் சொல்லி ஒன்றரை மாதம் ஆகியும் கால்வாசிகூடக் குறையவில்லை.

"அந்தம்மா எதையோ மறைக்குது. செத்த நேரம் பக்கத்துல உக்காந்து என்னன்னு பாரும்மா," என்று மேனேஜர் மதியழகன் என்னிடம் சொல்லியிருந்தார்.

அக்காவுக்குக் கீரனூர். அந்த ஊர் மையத்தில் பால் சோதிக்கும் வேலையில் ஆறு வருடம் இருந்தவர். தபால் வழியில் கணினி படித்து இங்கே வந்தார். எதையும் நம்பமாட்டார். ஐயாயிரம் வரி அழிந்தது என்று கணினி சொன்னால், மிச்சத்தை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஐயாயிரத்துக்குப் போவார். தண்ணீர் பிடிக்க எழுந்தாலும் திரையைப் பூட்டிவிட்டுப் போவார்.

சிறிது சிறிதாக அழிப்பதற்குக் காரணம் இருந்தது. முன்பொரு காலையில் யாரோ லட்சக்கணக்கான வரிகளை ஒரே மூச்சில் அழிக்கப் போய், டேபிள் இரண்டு மணிநேரம் யாருக்கும் திறக்கவில்லை. ரசீது போட முடியாமல் அகரம் மையத்தில் கேன்களிலேயே பால் திரிந்துபோனது. அந்த எச்சரிக்கை சரிதான். ஆனால் தேதியை வைத்து நேராகத் தேடி எடுக்க உதவும் இண்டெக்ஸ் போடப்படவில்லை என்பதை மூன்றாம் நாள் கவனித்தேன். ஒவ்வொரு ஐயாயிரத்துக்கும் கணினி முதல் வரியிலிருந்து தேடிக்கொண்டு வந்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். அவருடைய கட்டளையில் பதினான்காம் எண் மையத்தின் வரிகள் மட்டும் அழியாதபடி விலக்கப்பட்டிருந்தன. பதினான்கு என்பது கீரனூர்.

மதியழகன் சார் சொன்னது சரிதான் என்று அன்று நினைத்தேன். ஆனால் அவரிடம் போய்ச் சொல்லவில்லை. மறைக்க நினைப்பவர் முதலில் அழிப்பது கீரனூராகத்தானே இருக்கும்? அது எனக்கு இடித்தது. இரண்டு நாள் கழித்து அக்காவிடமே கேட்டுவிட்டேன்.

பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வைத்தார். பிறகு ஜக்கம்மாள் என்பவரின் வரிகளைத் திரையில் கொண்டுவந்தார். நான்கு வருடத்துக்கு முன் பாலில் தண்ணீர் கலந்ததாக நீக்கப்பட்டவர். மையத்துப் பலகையில் அவர் பெயரை எழுதி வைத்தார்கள். அதன்பிறகு ஊரில் யாரும் அவரிடம் பால் வாங்குவதில்லை. அன்றைக்குச் சோதித்தவர் அக்கா.

காலை ஆறரைக்குச் சோதனை இயந்திரத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவுவார்களாம். குழாயில் தங்கும் தண்ணீர் போக, அடுத்து கொஞ்சம் பாலை ஓட்டிக் கீழே விட வேண்டும்.

"டிரெய்னிங்ல சொல்லித்தான் குடுத்தாங்க. பாலைக் கீழ ஊத்த எங்கூர்ல ஆருக்குங்க மனசு வரும்? நான் ஒருநாளும் ஊத்துனதில்லை."

ஜக்கம்மாள் மல்லிகை பறித்து முடித்துத் தினமும் ஆறரைக்குத்தான் வருவார். குழாயில் இருந்த தண்ணீர் அவர் கணக்கில் ஏறியது. அவர் வராத நாட்களில் ஆறரைக்கு யார் ஊற்றியிருந்தாலும் அவர்களுடைய அளவு தாழ்ந்திருந்தது. ஏழு மணிக்கு வந்த நாட்களில் ஜக்கம்மாளின் பால் கெட்டியாக இருந்தது. தலைமை அலுவலகத்துக்கு வந்தபின்தான் இந்த நேரங்களைச் சேர்த்துப் பார்க்க அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது. ஒவ்வொரு நாளாகச் சரிபார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்; பாதிகூட முடியவில்லை.

"ஒருக்கா தப்பாச் சொல்லி அந்தம்மா பேரு போச்சு. மறுக்காவும் அரைகுறையாச் சொல்லோணுமா?"

ஒரு வழி சொன்னேன். கடைசி மூன்று வருடத்தையும் கீரனூர் முழுவதையும் தனித்தனி டேபிள்களில் நகலெடுத்துவிட்டால், பழையதை ஒரே கட்டளையில் காலி செய்து, மூன்று வருடத்தைத் திரும்ப ஏற்றிவிடலாம். வரி வரியாக அழிக்கும்போது கணினி ஒவ்வொரு வரிக்கும் குறிப்பெழுதிக்கொள்ளும். மொத்தமாகக் காலி செய்தால் அந்த வேலை இல்லை. நகலில் நாலு வரி விட்டுப்போனால் யார் பொறுப்பு என்று அக்கா கேட்டார். இரண்டு நாள் மறுத்தார்.

மூன்றாம் நாள், காலைப் பால் முடிந்து மாலைப் பால் தொடங்காத மதியத்தில் செய்தோம். மூன்று முறை எண்ணவைத்தார். ஜக்கம்மாளின் வரிகளைத் தன் நோட்டோடு ஒப்பிட்டுத் தானே பார்த்தார். காலி செய்ய இரண்டு விநாடிகூட ஆகவில்லை. அவ்வளவுதானா என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். மாலையில் தொப்பம்பட்டிக்குப் போன் போட்டு, ரசீது உடனே வருகிறது என்று கேட்ட பிறகும் ரசீதுக்கேற்ற பால் கேனில் இருக்கிறதா என்று விசாரித்தார்.

நோட்டு முடிந்ததும் அக்கா தானே அதை மேனேஜரிடம் கொடுத்தார். ஜக்கம்மாள் இப்போது மறுபடியும் கீரனூர் மையத்தில் ஊற்றுகிறார். பலகையில் திருத்தம் எழுதியிருக்கிறார்கள். அக்கா மீது விசாரணை நடக்கிறது.

அன்று மதியம் நகலெடுத்தபோது, கீரனூர் நகலைச் சிறியதாக வைக்க, தேவையில்லாத சில விவரங்களை முதலில் விட்டுவிட்டேன். அளவுக்காக மட்டும்தான் விட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது. அக்கா திரையில் விரலை வைத்து இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சோதிச்சவங்க பேரு இதுல வரலீங்களே அம்மணி. அதையும் சேத்து எடுங்க."