கதவைச் சாத்தி ஜெபித்த அடுக்களை

ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது, சகோதரிகளே. கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது. ஏனென்று போகப் போகத் தெரியும்.

போன வருஷம் ஜூலையில் எனக்கு ஏழாம் மாதம். ஸ்கேன் பார்த்த டாக்டரின் முகம் மாறியது. பிள்ளைக்கு வளர்ச்சி போதாது, எடை ரொம்பக் குறைவு என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. அதற்கு முன்னால் ஆறாம் மாதத்தில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள் நான். "இதையும் எடுத்துக்கொள்ளப் போகிறீரா ஆண்டவரே?" என்று வீடு வந்து சேரும்வரை பஸ்ஸில் அவரோடு சண்டை போட்டேன்.

திருவட்டாறு பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் மரம் உண்டு. என் வீட்டுக்காரர் விடியுமுன் பால் வெட்டுவார். அதை உறையவைத்து ஷீட் அடிப்போம். வெயில் காலத்தில் முற்றத்துக் கயிற்றில் காயும். மழைக்காலத்தில் காயாது, பூசணம் பிடித்துவிடும். அதனால் எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் செய்வதுபோல், அடுப்புக்கு மேலே கம்பு கட்டி ஷீட்டைத் தொங்கவிடுவோம். தேங்காய்க் கதம்பையும் சிரட்டையும் ரப்பர் விறகும் போட்டு நாள் முழுக்கப் புகைய விடுவோம். புகை வெளியே போனால் ஷீட் நிறம் பிடிக்காது என்று அடுக்களை ஜன்னலில் சாக்கு அடைத்திருந்தோம். கேஸ் அடுப்பு இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. முன்னறையில் பூவேலைத் துணி போர்த்தி வைத்திருந்தோம், விருந்தாளிக்குச் சாயா போட. கேஸில் வைத்த மீன்குழம்பை என் மாமியார் வாயில் வைக்க மாட்டார்.

டாக்டர் சொன்ன நாளிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் ஜெபிப்பது என்று தீர்மானித்தேன். தனியே கதவைச் சாத்தி ஜெபிக்க வேண்டும் என்று ஞாயிறு பள்ளியில் படித்தவள் ஆயிற்றே! எனக்குத் தனியாகக் கிடைத்த இடம் அடுக்களை ஒன்றுதான். தாழ்ப்பாள் போட்டு, அடுப்புப் பக்கம் முழங்காலில் நின்று கதறுவேன். கண்ணீர் பொலபொலவென்று கொட்டும். சிவந்த கண்ணோடு வெளியே வந்தால் மாமி, "என்னா ஒரு ஜெபம் மக்கா!" என்று மெச்சுவார். அந்தக் கண்ணீரில் எவ்வளவு அழுகை, எவ்வளவு புகை என்பது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

மூன்றாவது வாரம் ஒருநாள், ஜெபத்தின் நடுவில் யாரோ கதவைத் தட்டினார்கள். நான் எழும்பவில்லை. ஜெபத்தைப் பாதியில் விட்டால் கேட்டது கிடைக்காது என்று ஓர் எண்ணம். தட்டுவதோ நிற்கவில்லை.

"ஏட்டி ஸ்டெல்லா! உள்ள என்ன, தீ பிடிச்சிருக்கா? ஓட்டுக்கு மேல புகையா வருது!"

எங்கள் ஊர் நர்ஸ் செல்வி அக்கா. வேண்டாவெறுப்பாகத் திறந்தேன். உள்ளே காலை வைத்தவர் இருமி இருமிக் குனிந்துவிட்டார். மேலே தொங்கிய ஷீட்டைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார்.

"இதுக்குள்ளயா இருக்க நீ? எவ்வளவு நேரம்?"

"சமையலு இதுலதான் அக்கா. அது போக ஜெபம் ஒரு மணிக்கூறு."

"நீ இழுக்கிய புகை உனக்க நெஞ்சோட நிக்குமா பிள்ளே? உள்ள கெடக்கிய பிள்ளைக்கு போற காத்து கொறையும்லா. எடை இல்லாம பொறக்கும். பொறந்த பொறவும் இதுல கெடந்தா சளியும் இழுப்பும்தான். உனக்க பிள்ளைக்கு இதுனாலதான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இத இன்னைக்கே நிறுத்தணும், கேட்டியா?"

சொல்லிவிட்டு ஜன்னல் சாக்கைப் பிடுங்கி வெளியே எறிந்தார்.

மாமிக்குச் சுருக்கென்றது. "நான் அஞ்சு பெத்ததும் இந்தப் புகையிலதான். எனக்க பிள்ளையளுக்கு என்ன..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். மாமி பெற்றது ஐந்து. இருப்பது மூன்று. பெண்பிள்ளைகள் இரண்டும் பிறந்த மாதத்திலேயே போய்விட்டன. மாமி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, ஷீட்டை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வாரமாகக் கதறிக் கேட்டேன். பதில் வந்து கதவைத் தட்டியபோது, ஜெபம் கலைகிறதே என்று கோபப்பட்டேன். எப்பேர்ப்பட்ட மடைச்சி நான்!

அன்றைக்கே கேஸ் அடுப்பு அடுக்களைக்கு வந்தது. என் வீட்டுக்காரர் வீட்டைவிட்டுத் தள்ளி, பலாமரத்துக்கு அப்பால் ரப்பருக்கென்று தகரத்தில் ஒரு புகைப்புரை கட்டினார். அந்தப் பக்கமே நான் போகக் கூடாது என்பது மாமியின் உத்தரவு. டாக்டர் சொன்ன மாத்திரை, சாப்பாடு, பரிசோதனை எதையும் விடவில்லை. ஜெபத்தையும் விடவில்லை. ஆனால் ஜன்னலைத் திறந்துவைத்து ஜெபித்தேன். எதிர்வீட்டு அக்கா அங்கிருந்தே "ஆமென்" சொல்லுவார்.

அடுத்த ஸ்கேனில் எடை ஏறியிருந்தது. கொஞ்சம்தான், ஆனாலும் ஏறியிருந்தது. செப்டம்பரில் நாகர்கோவிலில் பெண்குழந்தை பிறந்தாள். இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். சில நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். பிறகு என் நெஞ்சோடு சேர்த்துக் கிடத்தினார்கள். அவள் மூச்சு சீராக ஏறி இறங்கியதை அங்கே உணர்ந்தேன்.

வீட்டுக்கு வந்த அன்று மாமி குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எனக்க மூத்தவளுக்கு ஒரு பேரு வச்சிருந்தேன் மக்கா. பதினோரு நாளுதான் விளிச்சேன். அத இவளுக்கு வைப்பியா?"

"என்ன பேரு மாமி?"

"கிருபா."

ஆறு வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறேன். அந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன்.

கிருபாவுக்கு இப்போது பத்து மாதம். அடுக்களையில் தவழ்ந்து பாத்திரங்களை உருட்டுகிறாள். மாமி கேஸ் மீன்குழம்பைக் குறை சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறார், நாளுக்கு நூறு தடவை அந்தப் பெயரைக் கூப்பிடுகிறார்.

உங்களுக்கும் ஒரு பாரம் இருக்கும், சகோதரிகளே. நம்பிக் கேளுங்கள். அவர் கேட்கிறார், எனக்குத் தெரியும். ஆனால் ஜெபத்தின் நடுவில் யாராவது கதவைத் தட்டினால் என்னைப்போல் முறைத்துக்கொண்டு நிற்காதீர்கள். எழும்பிப் போய்த் திறங்கள்.