மொட்டை மாடி டிஷ்ஷும் தங்கையின் கைகளும்

தையல் மிஷின் எது மக்கர் செய்தாலும் அந்த ஆயத்த ஆடைப் பட்டறையில் எழும் முதல் குரல், "ஸ்பேனர் அக்காவைக் கூப்பிடு!" என்பதுதான். நாற்பது மிஷின்களில் எது எப்படி முனகும் என்பது அவளுக்கு அத்துப்படி. இரும்பு பேசுவதைக் காதால் கேட்பவள், தன் தங்கை பேசுவதை மட்டும் கண்ணால் கேட்டாள்.

தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சிறுவயதில் இருவரும் ஒரே பாயில் படுத்துக்கொண்டு தாங்களாகவே ஒரு கைமொழியை உண்டாக்கியிருந்தார்கள். மூக்கை இரண்டு தட்டு தட்டினால் அப்பா. கன்னத்தை உப்பினால் பக்கத்து வீட்டு டீச்சர். தங்கை கல்யாணமாகி ஒரு முழுநாள் ரயில் பயணத் தொலைவுக்குப் போன பிறகு, ஞாயிறு மதியம் வீடியோ காலில்தான் அந்தப் பாஷை புழங்கியது.

அதற்கும் வந்தது வினை. அக்காவின் மூன்றாவது மாடி வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் பெரிய கட்டடங்கள் எழும்பிவிட, போனில் இணையம் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. கம்பி இழுத்து இணைப்புக் கொடுக்க அந்தச் சந்துக்குள் ஒருவரும் வரவில்லை. குரல் என்றால் விட்டுவிட்டுக் கேட்டாலும் ஊகித்துக்கொள்ளலாம். கை பாதியில் உறைந்து நின்றால் என்னவென்று அர்த்தம் பண்ணுவது?

"கண் வலிக்குது. இனிமே எழுதியே அனுப்பலாம்" என்று தங்கை ஒருநாள் செய்தி அனுப்பிவிட்டாள். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. எழுத்தில் தங்கை ஒரேயடியாக நல்ல பிள்ளையாகிவிடுவாள். நலம், சாப்பிட்டேன், வேலை இருக்கு. மூன்று மாதம் இப்படியே போனது.

நாலாவது பக்கம், பட்டறை இருந்த திசை மட்டும் திறந்து கிடந்தது. மாடியில் நின்றால் அதன் மேல் ஜன்னல் நேராகத் தெரியும். அந்த ஜன்னலோரம்தான் வைஃபை பெட்டி. பழைய டிவி டிஷ்ஷின் முனையில் இருக்கும் தலையைக் கழற்றிவிட்டு, அங்கே விரல் நீள வைஃபை குச்சியைக் கட்டினால் தூரத்துச் சிக்னலையும் இழுக்கலாம் என்று அவள் ஒரு வீடியோவில் பார்த்திருந்தாள். முதலாளியிடம் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை சும்மாதானே கிடக்கு. எடுத்துக்கோங்கக்கா" என்று பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தார்.

டிஷ், கீழ்வீட்டு ரிட்டயர்டு பஸ் டிரைவருடையது. மாடியில் துருப்பிடித்துக் கிடந்தது. "தாராளமா எடுத்துக்கம்மா. என் பேச்சை அது என்னைக்குக் கேட்டுச்சு?" என்றார் அவர்.

அடுத்த இரண்டு ஞாயிறும் வெயிலில் வெந்ததுதான் மிச்சம். கேன்டீன் சமையல்காரரான கணவர், குச்சியின் வயரைச் செருகிய லேப்டாப்போடு படிக்கட்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"சிக்னல் எத்தனை கோடு?"

"ஒண்ணு. இரு... அதுவும் போச்சு."

ஊசிக் காதில் நூல் கோர்ப்பவள்போல டிஷ்ஷின் முகத்தை ஜன்னலுக்கு நேரே நிறுத்திப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. மூன்றாவது ஞாயிறு, அலுத்துப்போய் அதைக் கழற்றிவிடலாம் என்று கீழ் நட்டைத் தளர்த்தினாள். டிஷ் பொத்தென்று முன்னால் சாய்ந்து, எதிர்மாடியில் காயும் போர்வைகளைப் பார்த்துக் குனிந்தது.

"ஏய், தொடாத! அப்படியே விடு!"

"என்னாச்சு?"

"மூணு கோடு! இல்ல, நாலு!"

அவள் தோளைக் கொடுத்து அதைத் தாங்கிக்கொண்டே உற்றுப் பார்த்தாள். குச்சியைக் கட்டியிருந்த இரும்புக் கை டிஷ்ஷின் நடுவிலிருந்து வரவில்லை, கீழ் விளிம்பிலிருந்து நீண்டிருந்தது. அதனால் முகம் காட்டும் திசைக்குச் சற்று மேலேதான் அதன் பார்வை போகிறது.

"மூஞ்சி ஒரு பக்கம், பார்வை ஒரு பக்கம். உங்க சித்தி மாதிரி."

"எங்க சித்தி உன்னை என்ன பண்ணுச்சு? முதல்ல நட்டை முறுக்கு."

அன்று மதியமே அக்கா வீடியோ கால் போட்டாள். தங்கை வேண்டா வெறுப்பாகத்தான் எடுத்தாள். தலையில் ஈரத் துண்டு. அக்கா கன்னத்தை உப்பிக் காட்டினாள். தங்கை சிரித்தாள், படம் உறையவில்லை. சந்தேகத்தோடு விரல்களால் மழைபோல வேகமாகப் பொழிந்து பார்த்தாள். அக்கா ஒன்றுவிடாமல் பதில் சொன்னாள்.

அவ்வளவுதான், தங்கை துண்டை உருவி எறிந்துவிட்டு ஆரம்பித்தாள். புது வீட்டுக்குப் போனோமே, ஏன் வரவில்லை? ஜுரத்தில் படுத்திருந்தேனே, தெரியுமா உனக்கு? நீ எழுதினாயா என்று அக்கா கேட்க, எழுதினால்தான் தெரியுமா என்று அவள் கேட்க, திரையின் இரு பக்கமும் கைகள் பறந்தன.

கணவருக்குப் பாதிதான் புரிந்தது. "என்ன, சண்டையா?"

"ஆமா. மூணு மாசமா சேர்ந்தது. குறுக்க பேசாதீங்க." கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலேயே புறங்கையால் துடைத்துக்கொண்டாள். அவர் சத்தமில்லாமல் எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்தார். ஆறித்தான் போனது.

பலத்த காற்றடித்தால் இப்போதும் டிஷ் திரும்பிவிடும். ஞாயிறு காலையில் ஸ்பேனரோடு மாடியேறிச் சரிசெய்துவிட்டுத்தான் குளிப்பாள். சண்டையில் தங்கைதான் ஜெயித்தாள். அடுத்த மாதம் நாலு நாள் லீவு போட்டு ரயிலேறுவதாக அக்கா அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள்.