ஜெஸீமா யாருக்கு என்ன முறை?

போன செவ்வாய்க்கிழமை பொலிஸுக்குப் போயிருந்தேன். பதறாதீர்கள்... இந்தப் பத்தியில் எழுதிய எதற்காகவும் இல்லை. பக்கத்து வீட்டு ரிஸானாவோடு போனேன்.

பக்கத்து வீடு என்றால் சும்மா பக்கத்து வீடு அல்ல. சுனாமிக்குப் பிறகு கட்டித் தந்த இரட்டை வீடு — நடுவில் ஒற்றைச் சுவர். அங்கே மிளகாய் வறுத்தால் இங்கே தும்முவோம். ரிஸானாவின் புருஷன், எங்கள் பேச்சில் மாப்பிள்ளை, கை நீட்டுகிறவர் என்பதும் அந்தச் சுவர் வழியாகத் தெரிந்ததுதான். தெரிந்து நான் என்ன செய்தேன்? டிவியின் சத்தத்தைக் கூட்டினேன். நான்கு வருடமாகக் கூட்டிக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை மஃரிப் தொழுகைக்குப் பிறகும் கூட்டினேன். அன்றைக்கு ரிஸானாவின் மணிக்கட்டு வீங்கிப்போனது. அவள் சுவரைத் தட்டவில்லை. பாலமுனையில் இருக்கிற ஜெஸீமாவுக்குப் போனில் கோல் எடுத்தாள். விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஜெஸீமா வந்து இறங்கினார். கேற்றடியில் இருவரையும் கண்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. "நானும் வாறன்" என்றேன்.

ஜெஸீமாவை உங்களுக்குத் தெரியாது. சுனாமி முகாமில் ஒரு நிறுவனம் இவருக்குப் பயிற்சி கொடுத்தது. அடிபட்ட பெண்ணுக்குப் பக்கத்தில் எப்படி இருப்பது, ஒரே கதையை நாலு பேரிடம் அவளைச் சொல்ல வைக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, ஆஸ்பத்திரியில் என்ன துண்டுச் சீட்டைக் கேட்டு வாங்குவது, ஒப்பம் வைக்க முன் எழுதியதை எப்படி வாசித்துக் காட்டச் சொல்வது... எல்லாம் படித்தார். சான்றிதழும் கொடுத்தார்கள். அதை லமினேட் செய்து வைத்திருக்கிறார். பிறகு யுத்தம் முடிந்தது. நிறுவனங்களின் வெள்ளை ஜீப்புகளும் போய்விட்டன. ஜெஸீமா மட்டும் நிறுத்தவில்லை. புரொஜெக்ட் முடிந்துவிட்டது என்று அடிக்கிறவர்களுக்கு யாரும் அறிவிக்கவில்லையே.

வீட்டு வன்முறைக்கு எதிரான சட்டம் சுனாமிக்கு அடுத்த வருடமே வந்துவிட்டது. நல்ல சட்டம்தான். ஆனால் பொலிஸ் மேசைக்கு முன்னால் இந்த ஜெஸீமா யார்? பாம்புக்கடி வைத்தியருக்குப் பதிவு இருக்கிறது. மீன் நிறுக்கிற தராசுக்கு முத்திரை இருக்கிறது. இவருக்கு லமினேட் செய்த ஒரு தாள் இருக்கிறது.

இவர் எதற்கு என்கிறீர்களா? போன தடவை ரிஸானா தனியாகத்தான் போனாள். சிங்களத்தில் எழுதிய தாளில், முறைப்பாடு என்று நினைத்து ஒப்பம் வைத்தாள். சமாதானமாகி மாப்பிள்ளையோடு வீட்டுக்குப் போகச் சம்மதம் என்று எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. இந்தத் தடவையும் அப்படி ஒரு தாள் வந்தால் அவள் மாப்பிள்ளையுடைய வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும்.

ஓம், அவருடைய வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் கொடுப்பது, மாப்பிள்ளை வந்து குடியேறுகிறவர். ஆனால் ரிஸானாவின் சீதன வீட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது. புது வீட்டுக்கான படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் யாருடைய பெயர் ஏறியிருக்கும் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

வழியில் ஜெஸீமா ஒரு ஏற்பாடு சொன்னார். "கேட்டா நான் ஒங்கட சாச்சி எண்டு செல்லுங்க புள்ள. ஒறவு இல்லாட்டி வெளிய போகச் செல்லுவாங்க."

நாங்கள் போகும்போது மாப்பிள்ளை ஏற்கெனவே உள்ளே கதிரையில் இருந்தார். கணவர் — அந்த உறவில் யாரும் பிழை பிடிக்க முடியாது.

சார்ஜன்ட் எங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர். புத்தகத்தை விரித்து, ஜெஸீமாவைப் பார்த்து "நீங்க?" என்றார்.

"சாச்சி."

பேனா நின்றது. அவர் பக்கங்களைப் பின்னுக்குப் புரட்டினார்.

"போன மாசம் ஒரு புள்ளைக்கு மாமி எண்டு வந்தீங்க. நோன்புக்கு முன்ன இன்னொண்டுக்கு ராத்தா. இப்ப சாச்சி. ஒங்கட குடும்பம் எவ்வளவு பெரிசு?"

ஜெஸீமா சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தார்.

"இந்த ஒபிஸ் இப்ப எங்க இரிக்கி?"

"மூடிட்டாங்க சேர்."

"அப்ப நீங்க வெளிய இரிங்க. குடும்ப ஆக்கள் மட்டும் இரிக்கட்டும்."

குடும்ப ஆள் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

ஜெஸீமா எழும்பினார். ரிஸானா, வீங்காத கையால், அவருடைய அபாயாவைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றைக்கும் உயரவில்லை.

"சேர், இவ எனக்கு ஒரு முறையும் இல்ல. பொய்தான் சென்ன. அந்தா இரிக்காரே, அவருக்கு முறை இரிக்கி. அவர்தான் இதச் செஞ்ச." வீங்கிய கையை மேசையில் வைத்தாள். "நான் கோல் எடுத்த நேரம் வந்தது இவதான். இவ வெளிய போனா நானும் போறன். ஒரு தாளிலயும் ஒப்பம் வைக்க மாட்டன்."

சார்ஜன்ட் கெட்டவர் அல்ல. கட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். கொஞ்ச நேரம் கையைப் பார்த்தார், பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் வெளிய இரிங்க" என்று அவரை அனுப்பினார். ஜெஸீமாவிடம், "அயலவர் எண்டு போடுறன். அதுக்கு மேல என்னால ஏலா" என்றார். போட்டார்.

எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரம் சென்றது. வாசித்துக் காட்டச் சொல்லி ஜெஸீமா கேட்டார். சார்ஜன்ட் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். 'சிறு வாக்குவாதம்' என்ற இடத்தில் ஜெஸீமா நிறுத்தினார்.

"சேர், வாக்குவாதத்தில கை வீங்காதே."

அது வெட்டப்பட்டது. 'அடித்தார்' என்று ஏறியது. ரிஸானா ஒப்பம் வைத்தாள். இந்தத் தடவை அது முறைப்பாடுதான்.

எழும்பும்போதுதான் சார்ஜன்டின் பார்வை என் பக்கம் திரும்பியது.

"நீங்க ஆரு?"

நான் வாயைத் திறந்தேன். முக்கால் மணி நேரம் பஸ்ஸில் வந்தவர் புத்தகத்தில் அயலவராக இருக்கிறார். சுவரோடு சுவராக இருக்கிறவள் வேறு என்ன சொல்வது?

"சும்மா... கூட வந்தன்" என்றேன்.

அதை அவர் எழுதிக்கொள்ளவில்லை. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.