முந்திக் கொடுத்த நன்றிப் பூசை

நன்றிப் பூசைக்குச் சொல்லப் போன அன்று, கிளினிக்கில் கொடுத்த துண்டுச் சீட்டைக் காட்டுங்கள் என்று கணவரிடம் நான் ஏன் கேட்கவில்லை? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. மகளின் தடுப்பூசி அட்டையில் திகதியை மூன்று தரம் பார்க்கிறவள் நான். பாணி மருந்துப் போத்தலில் உள்ளதை முழுவதும் வாசிக்காமல் ஒரு கரண்டிகூட ஊற்ற மாட்டேன். அவர் வாயால் சொன்னதை மட்டும் அப்படியே நம்பினேன்.

அவருக்கு நாற்பத்து மூன்று வயது. தன் தம்பியோடு ஒரே படகில் தொழிலுக்குப் போகிறவர். பதினைந்து வயதிலிருந்து சிகரெட். போன வருடம் இருமும்போது சளியில் மெல்லிய இரத்தக் கோடு வந்தது. மன்னாரில் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மூக்கு வழியாகக் குழாய் விட்டு, சுவாசக் குழாயின் உட்தோலில் சின்னத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள்.

முடிவு சொன்ன அன்று நானும் உள்ளே இருந்தேன். டாக்டர் ஒரு தாளில் தலைகீழாக ஒரு மரம் கீறினார். நடுத்தண்டு மூச்சுக் குழாய், கிளைகள் நுரையீரலுக்குள் போகிறவை. கிளை பிரிகிற ஒரு கவட்டில் பேனையால் புள்ளி வைத்தார்.

"இது புற்றுநோய் இல்லை. ஆனா இந்த இடத்தில கலங்கள் மாறத் துவங்கியிருக்கு. சில பேருக்கு இது தானாகவே சரிவரும். சில பேருக்கு அப்பிடியே கிடக்கும். சில பேருக்குக் கொஞ்சக் காலத்தில புற்றுநோயாப் போகும். உங்களுக்கு எது எண்டு இப்ப ஒருத்தராலயும் சொல்லேலாது. அதாலதான் திரும்பவும் குழாய் விட்டுப் பார்க்க வேணும். சிகரெட்டை இண்டைக்கே விடுங்கோ."

நான் எல்லாவற்றையும் கேட்டேன். அவர் முதல் வசனத்தை மட்டும் கேட்டிருக்கிறார். பஸ்ஸில் வரும்போது, "இல்லையெண்டுதானே சொன்னவர்" என்று இரண்டு தரம் சொன்னார்.

அந்தக் கிழமையே மடு மாதா கோயிலுக்குப் போனோம். மாதாவின் முன்னால் மகளின் தலையில் கைவைத்து, இனிச் சிகரெட் தொடமாட்டேன் என்றார். சுகம் கிடைத்தால் எங்கள் கோயிலில் நன்றிப் பூசை கொடுப்பதாக நான் நேர்ந்தேன்.

மறுபரிசோதனைக்குப் போகும் நாளில் மகளுக்குக் காய்ச்சல். தம்பியோடு போனார். பின்னேரம் வந்து, "எல்லாம் சரியாப் போட்டுதாம்" என்றார். நான் சுவாமிப் படத்தின் முன்னால் முழங்காலில் இருந்து அழுதேன். அவரைப் பெற்ற மாமியும் பக்கத்தில் இருந்து அழுதா.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், நோயிலிருந்து சுகம் பெற்றதற்காக நன்றி என்று அவருடைய பெயரைச் சொல்லி வாசித்தார்கள். வெளியே வந்ததும் சனம் கையைப் பிடித்தது. பக்கத்து வீட்டு அக்கா நோயாளித் தகப்பனுக்குப் பூச மடு மண் கேட்டு வாங்கிக்கொண்டு போனா. எங்கள் ஊரில் நன்றிப் பூசை கொடுத்தால் அந்த நோய் முடிந்தது. பிறகு ஒருவரும் அதைப்பற்றிக் கதைப்பதில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் மகள் ஐஸ்பழக் குச்சியை வாயில் வைத்து ஊதினாள். பிறகு குசினிக்கு ஓடிப்போய் ஒரு கராம்பு எடுத்துச் சப்பினாள். என்ன விளையாட்டு என்று கேட்டேன். "அப்பா விளையாட்டு" என்றாள். தகப்பன் முந்திச் செய்ததைப் பிள்ளை மறக்கவில்லை என்று நினைத்து அவளுக்குத்தான் ஏசினேன்.

போன கிழமை கிளினிக்கிலிருந்து ஒரு தாதி போனில் கூப்பிட்டா. "ஐயா நாங்கள் குடுத்த திகதிக்கு வரேல்லை. வேற இடத்தில காட்டுறாரோ?" அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் கடலால் வந்து சாப்பிட இருந்தபோது கேட்டேன்.

"அண்டைக்கு யாழ்ப்பாணத்தில என்ன செய்தனீங்கள்?"

பிசைந்த கை நின்றது. "வாசல் மட்டும் போனனான். அந்தக் குழாயை நினைச்சன், மூச்சு முட்டினது. பிறகு தம்பியோட போய் இஞ்சின் சாமான் பார்த்துக்கொண்டு வந்தனாங்கள்."

"தம்பிக்கும் தெரியும்."

"ஓம்."

மாமி குசினி வாசலில் நின்றா. என்னைப் பார்க்கவில்லை.

"உங்களுக்கும் தெரியுமோ மாமி?"

"சொன்னா நீ தின்னாமக் குடியாமக் கிடப்பாய் பிள்ளை. இப்ப அவன் நல்லாக் குறைச்சிட்டான். ஒரு நாளைக்கு ரெண்டுதான்."

"ரெண்டு சிகரெட்டோ, ரெண்டு கராம்போ?"

மாமி சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டினா. கடற்கரையில் அவருடைய மீன் வாடிக்குப் போகும்போதெல்லாம் மாமி அந்தத் தலைப்பில் கராம்பு முடிந்து கொண்டுபோனது சிகரெட் மணத்தை மறைக்கத்தான் என்று அப்போதுதான் விளங்கியது. மகளையும் கூட்டிக்கொண்டுதான் போறவ.

திரும்பப் போய்க் காட்டுங்கள் என்றேன். அவர் கையைக் கழுவினார்.

"பூசையும் குடுத்தாச்சு. இனிப் போய்க் குழாய் விட்டா சனம் என்ன சொல்லும்? மாதாவில நம்பிக்கை இல்லாதவன் எண்டெல்லோ சொல்லும்?"

"மாதாவுக்கே பொய் சொன்னவன் எண்டு சொல்லாதோ?"

"பூசைக்குச் சொன்னது நீ. நான் கேட்டனானோ?"

அவர் பொய் சொன்னார், நான் அதைக் கோயிலில் வாசிப்பித்தேன். அவர் தயங்கித் தயங்கி உண்மையைச் சொல்ல இருந்த நேரத்தில் நான்தான் அவசரப்பட்டு வாசலை அடைத்தேனோ என்றும் யோசிக்கிறேன். பிறகு மடுவில் மகளின் தலையில் இருந்த அவருடைய கையை நினைப்பேன். அந்த யோசனை நின்றுவிடும்.

டாக்டர் கீறிய தாள் அலுமாரியில் இருக்கிறது. அந்தப் புள்ளி இப்போது சுருங்கியதா, அப்படியே கிடக்கிறதா, வளர்ந்ததா என்று பார்க்காமல் சொல்ல முடியாது. தாதி புதுத் திகதி தந்திருக்கிறா, வாற மாதம் முதல் செவ்வாய். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பூசை வைத்த பங்குச் சுவாமியாரிடம் போய் உள்ளதைச் சொல்லி, அவரைக்கொண்டு கதைப்பிக்கலாம் என்று ஒரு மனம் சொல்கிறது. விஷயம் ஊருக்குத் தெரிந்தால் வெட்கத்தில் என் கணவர் ஒரேயடியாக மறுத்துவிடுவாரோ என்று மற்ற மனம் பயப்படுகிறது. பேசாமல் இருந்தால் செவ்வாய்க்கிழமையும் போய்விடும். இதை வாசிக்கிற யாராவது, பயத்தில் பொய் சொன்ன ஒருவரை கிளினிக்கில் குழாய் விடுகிற கதிரைவரைக்கும் திரும்பக் கூட்டிக்கொண்டு போயிருந்தால், முதலில் யாரிடம் கதைத்தீர்கள், என்ன சொன்னீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அந்தச் செவ்வாய்க்கு முன்னம் எழுதுங்கள்.